போயிட்டு வாங்க

என் மனைவியிடம் நான் முதன்முதலாகச் சொன்ன சொல்லே தப்பான சொல்.

பிரான்சுக்குப் போன புதிதில் ஒரு பண்ணையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். என் விவசாயப் பட்டத்தைப் பார்த்து, புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்தில் நாலு பேர் வாயைப் பிளந்திருந்தார்கள். பிரான்சில் அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் பண்ணை டிராக்டர் மக்கர் பண்ணவே, பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். வேனிலிருந்து இறங்கியது ஒரு பெண். அரைமணி நேரம் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்து எழுந்தவளின் மூக்கு நுனியில் கிரீஸ் அப்பியிருந்தது. கிளம்பும்போது எனக்கும் கை காட்டினாள். பதிலுக்குப் பந்தாவாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, புத்தகத்தில் பார்த்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். "அதியூ!"

வேன் நின்றது. அப்படியே பின்னால் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏன், சாகப்போகிறாயா?" என்று கேட்டாள்.

அவர்கள் பேச்சில் விடைபெற இரண்டு சொல் உண்டு. ஒன்று 'ஒ ருவ்வார்', மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வது அதுதான். இன்னொன்று இந்த 'அதியூ'. இனி உன்னைப் பார்க்கவே மாட்டேன் என்று முடிவான பிறகு சொல்வது. வேன் கதவில் சாய்ந்துகொண்டு எனக்கு இதைப் பாடம் நடத்திவிட்டு, அடுத்த வாரம் சர்வீஸுக்கு வரும்போது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று சிரித்தாள். அந்த வருஷம் அந்த டிராக்டருக்கு நடந்த சர்வீஸ் மாதிரி உலகத்தில் எந்த டிராக்டருக்கும் நடந்திருக்காது.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து அப்பா இறந்துபோனார். கரும்பும் நெல்லுமாக இருந்த நிலத்தைப் பார்க்க அம்மா ஒருத்திதான். நான் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றதும் என் மனைவி யோசித்தது இரண்டே நாள். "வருகிறேன். ஆனால் ஒரு வருஷம்தான். கையில் கிரீஸ் படுகிற வேலை அங்கே எனக்குக் கிடைத்தால் இருப்போம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவோம்" என்றாள். அவளுடைய ஒர்க்‌ஷாப் முதலாளியும் ஒரு வருஷம் வரைக்கும் அவள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். தை முடிகிற சமயத்தில் வந்தோம். அடுத்த தை முடிகிறவரை கெடு. எனக்கு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை, அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேரட் கழுவினவனுக்குத் தெரியும், தெரிந்த தொழிலை விட்டுவிட்டு இன்னொரு நாட்டில் சும்மா நிற்பது எப்படியிருக்கும் என்று.

வந்த மறுநாளே அம்மா அவளுக்கு ஒரு பாடம் எடுத்தாள். கடைக்குக் கிளம்பியவள் நான் சொல்லிக்கொடுத்திருந்த புத்தகத் தமிழில், "அத்தை, நான் போகிறேன்" என்றாள். அம்மா பதறிப்போய் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"போறேன்னு சொல்லாத கண்ணு. நம்ம வூட்ல யாரும் அப்டி சொல்ல மாட்டோம். போயிட்டு வரேன்னு சொல்லு."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. 'ஒ ருவ்வார்' என்பதைவிட இது கெட்டியான சொல் என்றாள். அதில் பார்ப்போம் என்று ஆசைதான் இருக்கிறது, இதில் வருவேன் என்று வாக்கே இருக்கிறது என்றாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தப் பெருமைதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

இங்கே வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை அவள் கையில் இருந்தது. பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்கான சான்றிதழ்களைத் தமிழிலும் இங்கிலீஷிலும் மொழிபெயர்த்து வைத்திருந்தாள். ஆனால் போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு. "மேடம், பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கலாமே!" பிரெஞ்சுக் குடியுரிமை கார்டு வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருத்தராவது இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு வந்தால் தேவலை என்று எல்லார் வீட்டிலும் ஒரு கணக்கு. "தமிழ் பேசுகிற எல்லாரும் தமிழ் வாத்தியாரா?" என்று அவள் என்னிடம் வந்து பொரிவாள். டவுனில் ஒரு ஓட்டல்காரர் ரொட்டி சுடத் தெரியுமா என்று கேட்டார். ஒரு டிராக்டர் ஷோரூமில் மட்டும் உடனே வேலை தருகிறேன் என்றார்கள். என்ன வேலை என்றால், முன்னால் கண்ணாடி அறையில் ஏசியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து எங்கள் பம்ப்செட் மோட்டாரை அக்கக்காகப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டிய பிறகுதான் கோபம் ஆறினாள். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, பாவம்.

இப்படியே பதினொரு மாசம் ஓடிவிட்டது. மறுபடியும் தை வந்தது. வில்லியனூர் போகிற சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப் உண்டு. அதன் முதலாளி சொந்தமாக இரண்டு நெல் அறுக்கிற மிஷின் வைத்து வாடகைக்கு விடுகிறவர், சுற்றுவட்டாரத்து டிராக்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர். ஒரு காலையில் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்!"

"என்ன சொன்னார்?"

"எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில், 'சரிம்மா, போயிட்டு வாங்க' என்றார். நாளைக்குக் காலையில் போகிறேன்."

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வேலை கேட்டுப் போன எவரையும் கேட்டுப் பாருங்கள், 'போயிட்டு வாங்க' என்றால் என்ன என்று சொல்வார்கள். இடத்தைக் காலி பண்ணு, இந்தப் பக்கம் வராதே என்பதைத்தான் நாம் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறோம். வாசலில் நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவியின் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் சொல்வான்? நானோ கழுவுற மீனில் நழுவுற மீன். "நல்லது, போயிட்டு வா" என்றேன். அதாவது நானும் அதையே சொன்னேன்.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று, "போயிட்டு வந்துட்டேன்" என்றாளாம். முதலாளி விழித்திருக்கிறார். மறுபடியும் டீ. மறுபடியும் சாயங்காலம், "சரிம்மா, போயிட்டு வாங்க." அதற்கடுத்த நாளும் போய்விட்டு வந்தாள். உட்கார இடமில்லாமல் கவிழ்த்த ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், அங்கே மலைபோலக் குவிந்து கிடந்த போல்ட் நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட ஆரம்பித்தாள். வேலை செய்கிற ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் வருகிற வார்த்தைகளைப் பாதியில் கடித்து விழுங்கி, ஒருத்தனுக்கு விக்கலே வந்துவிட்டதாம்.

பதினோராம் நாள் முதலாளி எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, இன்னாபா இது? ஒங்க வூட்டம்மா தெனம் வராங்க. நல்ல மாதிரிதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா நம்ம பசங்க வாயைத் தொறந்தா கூவம். ஒரு அம்மா ஒக்காந்துகினு இருந்தா அவனுங்களுக்குக் கையே ஓட மாட்டேங்குது. வேலை இல்லன்னு மூஞ்சிக்கு நேரா எப்டிப்பா சொல்றது? நீயே பக்குவமா சொல்லிடு."

அன்றைக்குச் சாயங்காலம் பம்ப்செட் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கக் கூடாது என்று ஒரு தந்திரம். அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, "மறுபடி சொல்" என்றாள்.

மறுபடி சொன்னேன்.

"முதல் நாளே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள், "அப்படியானால் உன் அம்மா? தினமும் காலையில் 'போயிட்டு வா கண்ணு' என்கிறார்களே, அதுவும் இதே மாதிரிதானா? எது நிஜம், எது மரியாதை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இவள் நேராகப் போய் அவள் முன்னால் நின்று கேட்டாள்.

"அத்தை, காலையில் போயிட்டு வா என்கிறீர்கள். நான் போய்விட்டு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?"

அம்மா முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"இன்னா கேள்வி இது? நீ வராம எங்க போவ?"

மறுபடி உளுந்து புடைக்க ஆரம்பித்துவிட்டாள். இவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கினாள். என்னோடு மட்டும் பேசவில்லை. பேசாமலிருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மறுநாள் அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. தை முடிய ஒன்பது நாள் பாக்கி. ஒன்பது மணிக்கு முதலாளியிடமிருந்து போன். "இன்னாபா, இன்னிக்கு அம்மாவக் காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். எனக்கு வந்த எரிச்சலில், நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எங்கள் வயலில் அறுப்பு. மிஷின் அவருடையதுதான், ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. கொட்டகையிலிருந்து அந்தப் பருவத்துக்கு முதன்முதலாக எடுத்து ஓட்டி வந்திருந்தார்கள். இருபது நிமிஷம் அழகாக அறுத்தது. பிறகு இருமல் வந்ததுபோல் விக்கி விக்கி நின்றது. டிரைவர் இறங்கி டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினார். ஸ்டார்ட் ஆனது. இன்னொரு இருபது நிமிஷம் ஓடி மறுபடியும் படுத்துவிட்டது. போன் பறந்தது. முதலாளியே பைக்கில் வந்து சேர்ந்தார். பில்டரை மாற்றினார். டீசல் குழாயில் சிக்கியிருந்த காற்றை வெளியே எடுத்தார். ஓடியது, நின்றது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்த நெல்லின் மேல் மழை விழுந்தால் அப்படியே முளைத்துவிடும்.

"டீசல் பம்ப்பைத்தான் எறக்கணும். டவுனுக்கு அனுப்பினா மூணு நாள் ஆகும்" என்று முதலாளி நெற்றியைத் தேய்த்தார்.

என் மனைவி வரப்பில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மிஷினைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் அவளை ஏறெடுத்துப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன். திடீரென்று செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"ஒவ்வொரு தடவையும் டீசல் மூடியைத் திறந்து பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. இந்தத் தடவை நான் திறக்கலாமா?"

முதலாளி ஒதுங்கி நின்றார். மிஷின் மேல் ஏறி மூடியைத் திருகினாள். சோடா பாட்டில் உடைத்தது போல 'உஸ்' என்று ஒரு சத்தம். டிரைவர் உட்பட எல்லாருக்கும் கேட்டது.

"டேங்க் மூச்சு விட முடியவில்லை. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழியில்லாததால் டீசலை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது."

டேங்க்கின் அடியில் கையை விட்டு, காற்றுப் போகிற சின்னக் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். குழாயின் வாயில் கட்டை விரல் பருமனில் மண் அப்பியிருந்தது. குளவிக்கூடு. சிரித்துக்கொண்டே பின் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"அம்மா! அம்மா! வேணாம்மா!" முதலாளி அலறிய அலறலில் கொக்குகள் பறந்துவிட்டன.

அவள் கை அப்படியே நின்றது. முதலாளி அசடு வழிய என்னைப் பார்த்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவர் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லை. ஐப்பசி மாசம் அவர் வீட்டையொட்டிய கொட்டகையில் இந்த மிஷினில் குளவி கூடு கட்டியதாம். கட்டின வாரமே மகள் முழுகாமல் இருக்கிற செய்தி வந்ததாம். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியுமே. அவர் மனைவி, கூட்டில் யார் கை வைத்தாலும் அந்த வீட்டில் சோறு கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மிஷினைக் கழுவியபோதுகூட அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் கையை வைத்து மறைத்துக் கழுவியிருக்கிறார்கள்.

"அந்தப் பக்கம் பாக்கக் கூடாது, பாக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, அங்க ஒரு பைப்பு இருக்கறதே மறந்துபோச்சு தம்பி" என்றார். முப்பது வருஷம் இஞ்சினோடு வாழ்ந்த மனிதர்.

அன்று முதல் தடவையாக என் மனைவி என்னைப் பார்த்து, பிரெஞ்சில், "என்ன சொல்கிறார்?" என்றாள். சொன்னேன். மிஷின் மேலேயே உட்கார்ந்து அந்தக் கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் திரும்பச் சொருகினாள்.

"குழந்தை இருக்கட்டும்" என்றாள் தமிழில். "துண்டு கொடு."

என் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, உதறி, மடித்தாள். டீசல் மூடியைப் போடாமல், அந்த வாயில் துண்டைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். காற்று போகும், தூசி போகாது. "ஓட்டுங்கள்" என்றாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரை மணி, ஒரு மணி. மிஷின் நிற்கவேயில்லை. மழைக்கு முன்னால் கடைசிப் பாத்தி வரைக்கும் அறுத்து, நெல்லை வீட்டில் சேர்த்துவிட்டோம். துண்டு மட்டும் டீசல் நாற்றம் போகாமல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதலாளி பைக்கை உதைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"சரிம்மா, போயிட்டு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வேலைக்கு வாங்க."

"நிஜமாகவா, மரியாதைக்கா?"

"எட்டுன்னா எட்டு. லேட்டா வந்தா உள்ள வுட மாட்டேன்."

அவள் கையைக் கூப்பி, "சரி ஐயா, போயிட்டு வாங்க" என்றாள். மனிதர் சிரித்த சிரிப்பில் பைக் ஆஃப் ஆகிவிட்டது.

இரண்டே நாளில் டேங்க் மூடியிலேயே ஒரு புதுக் காற்றுக் குழாய் வைத்துக் கொடுத்தாள். கூடு அதன் பாட்டுக்கு இருந்தது. ஒர்க்‌ஷாப் பசங்களுக்குத் தங்கள் வார்த்தைகளை விழுங்கத் தேவையில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஸ்பானர் நழுவிக் கையில் விழுந்தபோது அவள் பிரெஞ்சில் சொன்னதற்கு அர்த்தம் புரியாவிட்டாலும் தரம் புரிந்ததாம்.

தை கடைசி நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று பழைய முதலாளிக்குப் போன் போட்டாள். நான் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போடுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குளவிக்கூட்டுக் கதையை அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கிழவர் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் வரவில்லை என்றாள். அவர் ஏதோ கேட்டார். இவள் எங்கள் வாசலை, கொடியில் காய்கிற அம்மாவின் புடவையை, என்னை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். வழக்கமான 'ஒ ருவ்வாரை' எதிர்பார்த்து நின்றேன்.

"அதியூ, முதலாளி" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். எனக்கு வேன் கண்ணாடி இறங்கியது ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, வைக்கோல் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். கிட்டே போய்க் கேட்டேன்.

"ஏன், சாகப்போகிறாயா?"

"இல்லை" என்றாள். மூக்கு நுனியில் கிரீஸ் இருந்தது. "நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும். போயிட்டு வரணும்."